யாரும் கால் வைக்காத தண்ணீர்

என் ஆசை அண்ணாவுக்கு,

நீ கடைசியாகப் படுத்திருந்த அதே நாமக்கல் ஆஸ்பத்திரியின் வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதறாதே. அண்ணி உள்ளே படுத்திருக்கிறார். சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறிவிட்டது. வலது கால் விரலில் ஒரு புண். பெரிய டாக்டர் இன்னும் வந்து பார்க்கவில்லை.

எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்று என்னைக் கேலி செய்வாய். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பினால் நான் கண்ணை மூடிக்கொள்வேன், நீ பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரிப்பாய். இந்தத் தடவை என் பயம் வீண் பயம் இல்லை அண்ணா. முதலிலிருந்து சொல்கிறேன்.

நீ போன பிறகும் அண்ணி மருந்தை ஒழுங்காகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்வார். மிளகு பறிக்க ஏணி சாத்தி மரத்தில் ஏறுகிற அளவுக்குத் தெம்பாகவும் இருந்தார். மழை விட்டதும் நம் மலையில், செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. 'உடல் நஞ்சு நீக்கும் முகாம்' என்று பெரிய பேனர். என் தையல் கடையிலிருந்து பார்த்தால் நேரே தெரியும்.

ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு பிடி உப்பு. தண்ணீருக்குள் ஒரு கம்பிச் சுருளைப் போட்டு, கரண்டில் ஓடும் ஒரு பெட்டியோடு இணைத்துவிடுவார்கள். இரண்டு காலையும் உள்ளே வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார வேண்டியதுதான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மஞ்சளாகி, பிறகு செம்பழுப்பாகி, மேலே நுரை கட்டும். உடம்பில் வருஷக்கணக்காகத் தங்கிய நஞ்செல்லாம் உள்ளங்கால் வழியாக இறங்குகிறதாம். பழுப்பாக வந்தால் ஈரலில் இருந்த நஞ்சு, கறுப்பாக மிதந்தால் கிட்னியில் இருந்த நஞ்சு. முகாமுக்கு வந்திருந்த பெண் ஒரு கலர் அட்டையைக் காட்டிக் காட்டி விளக்கினாள்.

நம் மலைக்காரர்களின் காலைத் தண்ணீரில் வைத்தால் சிவக்காமல் என்ன செய்யும்? காட்டு மண் முழுக்கப் பித்தவெடிப்பில்தானே இருக்கிறது? அண்ணி முதல் தடவை கால் வைத்து எழுந்தபோது நான் அப்படித்தான் கிண்டல் செய்தேன். அண்ணிக்கு ரோஷம் வந்துவிட்டது. பாதத்தைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் தண்ணீர் செம்பழுப்பாகத்தான் ஆனது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கே ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டது. கண்ணெதிரே நடப்பதை எப்படி இல்லையென்று சொல்வது?

முகாம் கிளம்பும்போது நம் மகளிர் குழு பொதுவில் ஒரு மெஷினை வாங்கிக்கொண்டது. கல்யாண வீடுகளுக்கு அண்டா சுற்றுவது போல அது வீடு வீடாகச் சுற்றியது. சொன்னால் சிரிப்பாய், முறைக்காகச் சண்டைகூட நடந்தது. யார் வீட்டுத் தண்ணீர் அதிகம் கறுத்தது என்பதுதான் குழாயடியில் பேச்சு.

இதற்கிடையில் அண்ணி ஊசியை நிறுத்தியிருக்கிறார். எனக்குத் தெரியாது. செம்மேடு ஆஸ்பத்திரிக்கு ஒரு நர்ஸம்மா கீழேயிருந்து மாற்றலாகி வந்திருக்கிறார். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர்தான் பேச்சுவாக்கில் கேட்டார். "ஏன் மல்லிகா, உங்க அண்ணி இன்சுலின் வாங்க வர்றதே இல்லையே, வேற எங்கயாவது வாங்குறாங்களா?" போட்டது போட்டபடி கடையைச் சாத்திவிட்டு ஓடினேன்.

அண்ணி களத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். கண் உள்ளே போயிருந்தது. ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது. நான் தைத்துக் கொடுத்த ரவிக்கை அண்ணா, அண்ணியின் அளவு எனக்குத் தெரியாதா?

"ஏனுங்க அண்ணி, ஊசி போடறதில்லீங்களா?"

"இனி அது எதுக்கு கண்ணு? ஒடம்பு எவ்வளவு லேசாயிருச்சு பாரு. நஞ்சு எறங்குதில்ல."

"ஓயாம தாகம் எடுக்குதுன்னு சொன்னீங்களே, தலை சுத்துதுன்னீங்களே, அது என்னங்க?"

"நஞ்சு வெளிய போகையில அப்படித்தான் இருக்குமாமா. முகாமுக்கு வந்த அந்தப் புள்ள போன்லயே சொல்லுச்சு. நல்லதுக்குத்தானாமா."

உடம்பு நன்றாக இருந்தால் மெஷினால், கெட்டுப்போனால் மெஷின் நன்றாக வேலை செய்வதால். இப்படிப் பேசுகிறவர்களிடம் யார் ஜெயிக்க முடியும்? கத்தினேன், கெஞ்சினேன், அழுதும் பார்த்தேன். அண்ணி மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே சொன்னார்: "மருந்து மாத்தரையெல்லாம் உங்கண்ணனுந்தான் நேரந்தவறாம தின்னாரு. இருக்காரா?"

உனக்குச் சர்க்கரை என்று தெரியும்போதே கிட்னி பாதிக்குமேல் கெட்டுப்போயிருந்தது. மருந்து இல்லாவிட்டால் அந்த நாலைந்து வருஷம்கூட நீ எங்களோடு இருந்திருக்க மாட்டாய். இதை டாக்டர் சொன்னபோது அண்ணியும் பக்கத்தில்தான் நின்றார். அப்போது அது அவர் காதில் ஏறியதா? அந்த நேரத்தில் யாருக்குத்தான் ஏறும்?

அன்றைக்கு நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. மெஷின் அந்த வாரம் அண்ணியின் முறை. மறுநாள் காலையில் தொட்டியிலிருந்து காலை எடுத்தவருக்குத் துண்டை வாங்கித் துடைத்துவிட்டேன். சுண்டுவிரலுக்கு அடியில் புண். சுற்றிலும் தோல் கறுத்து, வெந்தது போல இருந்தது. "அட, நான் பாக்கவே இல்லையே. வலிக்கவும் இல்ல கண்ணு" என்றார். சர்க்கரையால் கால் மரத்துப்போனால்தான் இப்படி வலிக்காது என்பார்கள்; அதுதான் எனக்குக் கிலியைக் கிளப்பியது.

அவர் மாட்டைப் பிடித்துக் கட்டப் போன நேரம், தொட்டியைக் கழுவினேன். புதுத் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, கம்பிச் சுருளை இறக்கி, சுவிட்சைப் போட்டேன். கால் வைக்கவில்லை. யாருமே வைக்கவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் மஞ்சளானது. பிறகு செம்பழுப்பானது. நுரையும் கட்டியது. சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"யாரு கால வெச்சா?"

"யாரும் வெக்கலைங்க."

"பழைய நஞ்சு தொட்டியில ஒட்டியிருந்திருக்கும்."

சரி என்று, இதுவரை யார் காலும் படாத பால் வாளியை எடுத்து வரச் சொன்னேன். அவரே தண்ணீர் மொண்டு ஊற்றினார். அவரே உப்புப் போட்டார். பெஞ்சில் உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, வாளியையே பார்த்தார். அதுவும் சிவந்தது.

"அந்தக் கம்பியில இருக்கற இரும்புதாங்க அண்ணி துருப்பிடிச்சுக் கரையுது. உப்புத் தண்ணியில கரண்ட விட்டா அதுதான் நடக்கும். நம்ம ஒடம்புல இருந்து ஒண்ணும் வரலைங்க."

திட்டப்போகிறார், மெஷினைத் தூக்கி எறியப்போகிறார் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. சின்னக் குரலில் ஒன்று கேட்டார்.

"அப்ப, இந்த மெசினு அன்னைக்கே நம்மூருக்கு வந்திருந்தாலும் உங்கண்ணன் பொழச்சிருக்க மாட்டாரா கண்ணு?"

"மாட்டாருங்க அண்ணி."

"நெசமாலுமா?"

"நெசமாலுந்தாங்க. இதனால யாரும் பொழைக்க மாட்டாங்க."

உன் காரியத்தன்றுகூட அப்படி அழாதவர், அன்றைக்கு அழுதார். "ஒவ்வொரு தடவ தண்ணி செவக்கறப்பவும் உங்கண்ணன் மொகந்தான் தெரியும் கண்ணு. சும்மா கால நனைச்சாப் போற நஞ்சுக்கு ஊசி குத்தி, குழா சொருகி, அவர அந்தப் பாடு படுத்திட்டனேன்னு இருக்கும். தெரியாத்தனமா நானே கொன்னுபோட்டனேன்னு இருக்கும்." நான் அவரைக் கட்டிக்கொண்டேன். எலும்புதான் கையில் பட்டது.

அண்ணா, யோசித்துப் பார். இந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு அந்த மனுஷி தினமும் அந்தத் தொட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நஞ்சை எடுக்கிறோம் என்று சொன்னவர்கள் ஏற்றிவிட்டுப் போன நஞ்சு இது. கலர் அட்டை காட்டிய அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா? தெரிந்தால் தூங்குவாளா? அவளும் யாரோ சொல்லிக் கொடுத்ததைத்தான் ஒப்பித்தாளோ என்னவோ. எனக்கு இப்போதைக்கு அவளை மன்னிக்க மனசு வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போலாம், வா" என்றார் அண்ணி. செம்மேட்டில் புண்ணைப் பார்த்த நர்ஸம்மாவின் முகம் மாறியதை நான் கவனித்தேன். உடனே ஆம்புலன்ஸில் ஏற்றி இங்கே அனுப்பிவிட்டார்.

இதோ, டாக்டர் இப்போதுதான் வந்து பார்த்துவிட்டுப் போனார். சர்க்கரை இறங்க ஆரம்பித்திருக்கிறதாம். விரல் நிற்குமா, எடுக்க வேண்டியிருக்குமா என்பதை இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியுமாம். விரலோடு போகுமா, காலையும் எடுக்க வேண்டிவருமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. மெஷின் இந்நேரம் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும். அங்கே யார் பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்களோ, யார் வலிப்பு மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்களோ. ஊருக்குத் திரும்பியதும் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாளியை வைக்கப் போகிறேன். என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

அண்ணி விழித்திருக்கிறார். "உங்கண்ணன் கூப்புடறாரு போல இருக்குது கண்ணு" என்று அரைமணிக்கு ஒருதரம் சொல்கிறார். நீ கூப்பிடுகிறாயா? அங்கே தனியாக இருக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கூப்பிடாதே. இனி தினமும் அண்ணி ஊசி போடும்போது பக்கத்தில் நான் நிற்பேன். புண்ணை நானே கழுவிக் கட்டுவேன். உன் பெண்டாட்டியை இப்போதைக்கு உன்னிடம் அனுப்புவதாக இல்லை அண்ணா. நீ காத்துக்கொண்டு இரு.

அண்ணியை உனக்குக்கூட விட்டுத்தராத
உன் தங்கை மல்லிகா