கந்தக அறைக்கு ஒரு வகுப்பு

போடி
14-10-1974

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு ஜெபராணி எழுதுவது. அத்தை, மாமா இருவரும் சுகம். மதுரையில் தாங்களும் சுகம்தானே? கல்லூரிக் குவார்ட்டர்ஸ் இன்னும் கிடைக்கவில்லையா? ஓட்டல் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஆகாதே என்று அத்தை தினமும் புலம்புகிறார்கள். மலையிலிருந்து ஏலக்காய் இறங்கத் தொடங்கிவிட்டது. மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

சனிக்கிழமை தேனிச் சந்தைக்குப் போயிருந்தேன். அங்கே உங்கள் சங்கிலியம்மாளைப் பார்த்தேன். ஆமாம், உங்கள் சங்கிலியம்மாள்தான். பஞ்சு ஆலையில் வேலை பார்ப்பவள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, “டாக்டரய்யா எப்பம்மா வருவாக? அவுக கேட்ட மாதிரி இதுவரைக்கும் யாரும் என்னைய ஒரு வார்த்த கேட்டதில்லம்மா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. சிரித்துவிட்டு வந்தேன்.

போன மாதம் உங்கள் மாணவர்களை அந்த ஆலைக்குக் கூட்டி வந்தீர்களே, சாப்பாட்டுக் கேரியரோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவளை ஸ்டூலில் உட்கார வைத்தீர்கள். நோயாளியிடம் இருமலைக் கேட்பதற்கு முன்னால் வேலையைக் கேள், எந்த இடத்தில் நிற்கிறாள், எதை மூச்சில் இழுக்கிறாள் என்று கேள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னீர்கள். அவள், “ஞாயித்துக்கிழமை லீவு முடிஞ்சு திங்கக்கிழமை உள்ள போனா நெஞ்ச இறுக்கிப் பிடிக்குது சார்” என்றதும், பஞ்சுத் தூசி நோய்க்கு இதுதான் அடையாளம் என்று மலர்ந்த உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெண் பார்க்க வந்த அன்றுகூட என்னை நீங்கள் அப்படிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மாணவனாக வந்து அவள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டான். நான் கொண்டுவந்த சாம்பார் ஆறிப்போனது.

அவள்மேல் எனக்குப் பொறாமைதான், அத்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

நம் அடுப்படிக்குப் பின்னால் கந்தக அறை இருக்கிறது. காய் வெளுப்பாக இருந்தால்தான் வடக்கே விலை போகும் என்று மாமா இந்த வருஷம் இரண்டு மடங்கு ஏலக்காய்க்குக் கந்தகப் புகை போடுகிறார். வெளியாளை உள்ளே விட்டால் காய் மடியில் போய்விடும் என்று அவருக்குப் பயம். அதனால் கதவைத் திறந்து தட்டுகளை வெளியே எடுப்பது வீட்டு மருமகளின் வேலை. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டுதான் போகிறேன். கண் எரிகிறது. மூச்சு பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஜெபக்கூட்டத்தில் பாட்டுக்கு நடுவே இருமல் வந்து எழுந்து வெளியே போக வேண்டியதாயிற்று. “இங்கன குளிரு அவளுக்கு ஒத்துக்கல” என்று அத்தை எல்லாரிடமும் சமாளிக்கிறார்கள்.

நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். போன தடவை வந்தபோது விடிய விடிய இருமினேன். குளிர் என்றீர்கள். மதுரைக்குப் போய் பஸ்ஸில் ஒரு மருந்துப் புட்டி கொடுத்தனுப்பினீர்கள். அந்த அறையைத் தாண்டித்தானே குளிக்கப் போனீர்கள்? அந்த வாடை உங்கள் மூக்கில் ஏறவில்லையா? அந்தக் காய்தான் உங்களைப் படிக்க வைத்தது, எனக்கும் தெரியும். பெற்ற அப்பாவிடம் போய் எப்படிச் சொல்வது என்ற உங்கள் சங்கடமும் புரிகிறது. ஆனால் ஆலை முதலாளியிடம் ஜன்னல் வை, தூசியை உறிஞ்ச விசிறி வை என்று அத்தனை தைரியமாகப் பேசினீர்களே!

அத்தான், அடுத்த முறை மாணவர்களைத் தேனியோடு திருப்பிக் கூட்டிப்போகாதீர்கள். போடிக்கு அழைத்து வாருங்கள். எல்லாருக்கும் நானே சமைக்கிறேன். என்னையும் ஒரு ஸ்டூலில் உட்கார வையுங்கள். மனைவி என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். ஏலக்காய்க் கடையில் கந்தகத் தட்டு எடுக்கிறவள் என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் என்னிடம் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கு ஞாபகம் வரும்.

கர்த்தர் உங்கள் படிப்பையும் உங்கள் மாணவப் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. சீக்கிரம் வாருங்கள்.

தங்கள்
ஜெபராணி