புலி வாய்க்குள் போகச் சொன்னவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? பெங்ஹு தீவில் காற்று அடங்கியதா? நான் நலம். கோபம்தான் இன்னும் தணியவில்லை.

நேற்று காவ்சியுங் தாமரைக்குளத்துக் கோபுரங்களுக்கு ஒரு சுற்றுலாக் கூட்டத்தை அழைத்துப் போனேன். அங்கே டிராகன் சிலையின் வாய்க்குள் நுழைந்து புலிச் சிலையின் வாய் வழியே வெளியே வந்தால்தானே கெட்டது விலகும்? டிராகன் பக்கம் நீண்ட வரிசை. மேலாளர் சுவாங், "நேரமாச்சு, புலி வாய்க்குள்ளயே தள்ளிவிடு. வெளியூர்க்காரங்களுக்கு என்ன தெரியப்போகுது?" என்றார்.

"அவங்களுக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியுமே!"

"வாய் நீளுது! நாளைலேர்ந்து வேலைக்கே வராத!"

எல்லோர் முன்னாலும் கத்திவிட்டு, தானே புலி வாய்க்குள் விறுவிறுவென்று நுழைந்து காட்டினார். நாங்கள் வரிசையிலேயே நின்றோம். சற்று நேரத்தில் உள்ளே சுற்றி டிராகன் வாய் வரை வந்தவர், வெளியே கால் வைக்கத் துணிவில்லாமல் திரும்பிப் போனார். பிறகு பார்த்தால் எங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்! மன்னிப்பு? ஒரு வார்த்தை கிடையாது. என் வேலை மட்டும் போகாமல் இருக்கிறது.

கடலை மிட்டாய் அனுப்பு. இங்கே விற்பது மண் மாதிரி இருக்கிறது. நின்று நின்று வலிக்கும் என் காலுக்குத் தைலமும்.

ஊருக்கெல்லாம் இந்தத் துறைமுக நகரத்தைச் சுற்றிக் காட்டுகிறேன், உனக்குக் காட்டவில்லை. அதுதான் பெரிய எரிச்சல். கப்பலேறி வா அம்மா. எவ்வளவு நீள வரிசையானாலும் டிராகன் பக்கமே நிற்போம்.

பேருந்து ஒலி எழுப்புகிறது.

உன் யாலிங்