அவன் உன் வழியில் வந்த இந்தியன்

அகரம்,
பிப்ரவரி 20

அன்பு மகள் சூர்யகலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி மூவரும் சுகம், மாடும் சுகம்தான், கறவை மட்டும் குறைந்துவிட்டது. டென்மார்க் குளிரில் நீயும் என் பேரனும் சுகமாக இருக்கத் தாடிக்கொம்புப் பெருமாள் துணை நிற்கட்டும். போனில் பேசினால் நீ அழுகிறாய், எனக்குக் கோபம் ஏறிச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால்தான் கூரியரில் அனுப்பும் பேப்பரோடு இதையும் வைக்கிறேன், நிதானமாகப் படி.

இந்த மாத முதல் ஞாயிறு ஒட்டன்சத்திரத்திலிருந்து உன் மாமனார் வந்தார். உன்னையும் பச்சைப் பிள்ளையையும் விட்டுப் போன தன் மகன் பழனிக்குமாரைப் பற்றி ஒரு வார்த்தை வருத்தம் இல்லை. உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "பேரன் எங்க வம்சமுங்க. எம்பஸி ஃபாரத்துல எங்க பையன் கையெழுத்துப் போட்டாத்தானுங்க அவன் இந்தியாக்காரன். போடச் சொல்றனுங்க, ஆனா பேரனை எங்ககிட்ட விட்டுறோணும்" என்றார். பிறந்து பத்து மாதம் ஆகியும் பிள்ளைக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை, அவனைத் தூக்கிக்கொண்டு நீ ஊருக்கு வர முடியாது என்று தெரிந்துதான் இந்தப் பேச்சு. எனக்கு வந்த ஆத்திரத்தில், "பெத்தவ குத்துக்கல்லு மாதிரி இருக்கா, நீங்க யாரு பேரம் பேச? கெளம்புங்க" என்று சொல்லிவிட்டேன். அப்பா எழுந்துபோய் உன் மாமனாருடைய செருப்பைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

மறுநாளே தம்பியைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லில் வக்கீல் ஷாஹினாவைப் பார்த்தேன். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அப்பா அம்மா இரண்டு பேரில் ஒருவர் இந்தியராக இருந்தாலே போதுமாம், ஒரு வருஷத்துக்குள் எம்பஸியில் பதிய வேண்டுமாம். புருஷன் கையெழுத்துப் போட மறுத்தால், "நடந்ததை நடந்தபடி உறுதிமொழிப் பத்திரத்துல எழுதிக் குடுக்கச் சொல்லுங்கம்மா. எம்பஸில முடியாதுன்னு வாயால சொன்னா திரும்பி வந்துரக் கூடாது, எழுத்துல பதில் கேக்கணும்" என்றது அந்தப் பெண். உன் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து வைக்கச் சொன்னது. தேடி எடுத்தால் அதில் பெயர் இடம் காலி! ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை என்று பதிந்ததோடு சரி, குலசாமி கோயிலில் பெயர் வைத்த பிறகு போய்ச் சேர்க்க வேண்டும் என்று எங்களில் யாருக்குத் தோன்றியது. முப்பத்தோரு வருஷம் கழித்து நான்கு நாள் அலைந்து உன் பெயரை ஏற்றி வாங்கியிருக்கிறேன், அதுதான் இந்தக் கவரில் இருக்கிறது.

சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். பேரனுக்கு முதல் மொட்டை இங்கேதான் என்று சொன்னேன். உன் பெரியப்பா பொம்மையன் எழுந்து, "மக வயித்துப் பேரனுக்கு இங்க ஏது மொட்டை? அவன் அப்பன் சாமிகிட்டப் போகட்டும்" என்றார். நான் விடுவேனா? "ஏன் மாமா, அம்புட்டுப் பெரிய கவர்மெண்டே தாய் வழியில வந்தவனைத் தன் புள்ளைங்குது, நம்ம சாமி மட்டும் அப்பன் கையெழுத்துக் கேக்குமா?" என்று கேட்டேன். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். போகட்டும். அப்பா பூசாரியிடம் பேசி வைகாசியில் நாள் குறித்துவிட்டார், மடியில் உட்கார வைக்கத் தாய்மாமன் தயார்.

பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார், நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. ஏப்ரல் ஒன்பதோடு ஒரு வருஷம் முடிகிறது, கடைசி நாள் வரை காத்திருக்காதே, இந்தக் கவர் வந்த மறுநாளே எம்பஸிக்குப் போ. ஃபாரத்தில் அப்பா பெயர் கேட்கிற இடத்தில் பழனிக்குமார் பெயரை எழுது, நமக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அப்பா பெயரை மட்டும்தான் கேட்டார்கள், பத்து மாதம் சுமந்து பெற்ற நான் பக்கத்தில் சும்மா நின்றேன். இந்த ஃபாரத்தில் உன் பெயரையும் கேட்கிறார்கள். தெளிவாக எழுது, என் பேரனுக்கு நாடு அம்மா கொடுத்ததாக இருக்கட்டும்.

நீங்கள் இருவரும் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
உன் அம்மா
வீ. காளியம்மாள்