இங்கே விற்பனைக்கு அல்ல

மார்ச் 4

என் வீட்டுக்காரர் இன்றும் நின்றுவிட்டார். பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்கு வரும் வழியில், பெண்கள் உள்ளாடைக் கடை வாசலில், கண்ணாடிக்குள்ளே பார்த்தபடி. கடைப்பெண் முறைத்தாள். எனக்கு மானம் போயிற்று.

வீட்டுக்கு வந்து பிடிபிடியென்று பிடித்ததும் உண்மை வந்தது. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இறுகிக்கொள்கிறதாம். நடுத்தெருவில் சும்மா நின்றால் அசிங்கமாம், அதனால் கடை பார்ப்பதுபோல் நிற்கிறாராம். அந்தக் கடையைத் தேர்ந்தெடுத்தது கால்தானாம், இவர் இல்லையாம். சிரித்துத் தொலைத்தேன். பிறகு பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

மார்ச் 11

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது. காரணம் சிகரெட். ஆபரேஷன் செய்து ரத்தத்துக்கு மாற்றுவழி போடலாம். ஆனால் புகைத்துக்கொண்டே இருந்தால் அதுவும் அடைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் விரல், பிறகு பாதம் என்று எடுத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

கைக்கடக்கமான ஒரு கருவியில் ஊதச் சொன்னார். மூச்சில் புகையின் நஞ்சு எவ்வளவு என்று காட்டுமாம். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பச்சை எரியட்டும், தேதி தரேன்" என்றார்.

மார்ச் 12

எனக்குச் சிவப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பிழைப்பே அதுதான். எங்கள் அச்சகத்தில் சிகரெட் பெட்டிக்கான அட்டை ஓடுகிறது. எச்சரிக்கைப் படத்தின் நிறம் மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்று விளக்கடியில் வைத்துப் பார்த்து, தாளின் ஓரத்தில் "நிறம் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இந்த வருடத்துப் படம் ஓர் அழுகிய பாதம்.

நான் கண் எரிய எரிய நிறம் பார்க்கும் அந்தப் படத்தை இவர் ஒருநாளும் பார்த்ததில்லையாம். சில்லறையாக ஒன்று ஒன்றாக வாங்குகிறவருக்குப் பெட்டி ஏது, படம் ஏது!

மார்ச் 14

அப்படி ஒரு கோபம். எழுதினாலாவது அடங்குமா பார்க்கிறேன்.

சிகரெட்டை நிறுத்த டாக்டர் நிகோடின் சூயிங்கம் எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று மருந்துக்கடையில் இல்லை. நான்காவதில் இருந்தது, பூட்டிய அலமாரிக்குள். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் கடைக்காரர். டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டார். எத்தனை வயது, யாருக்கு, எதற்கு என்று ஆயிரம் விசாரணை.

அதே சுவரை ஒட்டிப் பெட்டிக்கடை. சிகரெட்டுக்குச் சீட்டு வேண்டாம், பூட்டு வேண்டாம். பற்றவைக்க லைட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். என்ன உபசாரம்! கொல்லுகிறதைக் கைக்கெட்டும் உயரத்தில் வைத்துவிட்டு, அதை விடுகிறதுக்கு உதவுவதைப் பூட்டி வைக்கிறார்களே, இது யார் போட்ட கணக்கு?

மார்ச் 19

நாத்தனார் போன். "ஒண்ணை விட்டு இன்னொண்ணைப் பிடிச்சா, அதுக்குப் பேர் விடுறதா?" என்று கேட்டார். அவர் காபிக்குச் சர்க்கரை போடுவதில்லை, இனிப்பு மாத்திரைதான் போடுகிறார். சொல்லியிருக்கலாம். இவருக்கு அக்கா ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 21

கம் மென்றும் இன்று சிகரெட் பிடித்துவிட்டார். சட்டையிலேயே வாசம். கத்தினேன் — கால் போனா யாரு தூக்கிச் சுமக்கிறது, நானா, படிக்கிற பொண்ணா, எங்களைப் பத்தி ஒரு நிமிஷம் நினைச்சீங்களா — பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.

"எனக்கு மட்டும் காலை இழக்கணும்னு ஆசையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 23

டாக்டரிடம் ஓடினோம். இவர் பிடிக்கிற அளவுக்கு அந்தக் கம் வீரியம் போதாதாம். கூடுதல் வீரியத்தில் எழுதிக் கொடுத்தார். கம்மும் விளையாட்டுப் பொருள் இல்லை, அதற்கும் பழகிப்போகும் என்றார். "ஆனா ஊரைக் கொல்றது பெரும்பாலும் அந்தப் புகைதான். முதல்ல அது நிக்கட்டும். இதை அப்புறம் மெதுவா குறைப்போம்."

திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டவில்லை. வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 2

அச்சகத்தில் புது வேலை. அதே சிகரெட் கம்பெனி. வட்டமான சின்ன டப்பாவுக்கு லேபிள்: நீலம், ஒரு புதினா இலை. உள்ளே உதட்டுக்கடியில் வைத்துக்கொள்ளும் நிகோடின் பொட்டலம். புகை கிடையாது. அடியில் பொடி எழுத்தில் "இங்கே விற்பனைக்கு அல்ல".

கம்பெனியிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்து எங்களை உட்காரவைத்து உலகப்படம் காட்டினார். பல நாடுகளில் புகைக்கிறவர்களின் பங்கு குறைந்துகொண்டே வருகிறதாம். ஆனால் ஜனத்தொகை ஏறுகிற இடங்களில் தலைக்கணக்கு அப்படிக் குறையவில்லையாம். அந்த இடங்களைப் பச்சையாகத் தீட்டியிருந்தார்கள். நம் ஊர் நல்ல பச்சை.

கேட்டுவிட்டேன், இந்த டப்பா ஏன் இங்கே கிடையாது என்று. அவர் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "இங்க இன்னும் சிகரெட்டே நல்லா போகுதே மேடம். நடக்குற வியாபாரத்தை நாமளே எதுக்குக் கெடுக்கணும்?"

மேனேஜர் சிரித்தார். அங்கே விடுகிறவனுக்கு நீல டப்பா. இங்கே என் வீட்டுக்காரருக்கு அழுகிய பாதம். இரண்டுக்கும் நிறம் பார்த்துக் கையெழுத்துப் போடுவது நான்.

ஏப்ரல் 9

மெல்லுகிறார். டி.வி. பார்க்கும்போதும் மெல்லுகிறார். மகள் "அப்பா அசை போடுறார்" என்கிறாள். போடட்டும்.

ஏப்ரல் 27

பச்சை!

இவர் ஊதிவிட்டு நம்பாமல் இன்னொரு தரம் ஊதினார். தேதி கிடைத்துவிட்டது.

மே 8

ஆபரேஷன் முடிந்தது. பாதம் வெதுவெதுப்பாக இருக்கிறது. இன்றைக்கு இது போதும்.

ஜூன் 17

"இங்கே விற்பனைக்கு அல்ல" என்ற வரியை எடுத்துவிட்டார்கள். நாம் கேட்டது வருகிறதே என்று ஒரு நிமிடம் மகிழ்ந்துபோனேன், பைத்தியக்காரி. புதுத் தாளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நீலம் போய்விட்டது. ரோஸ் நிறம், கண்ணடிக்கும் ஸ்ட்ராபெர்ரி, மினுமினுப்பு. புகைப்பதை நிறுத்த நினைப்பவர்களுக்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

கோட்டுக்காரர் என் மேசைக்கே வந்தார். "உங்களுக்கு காலேஜ் போற பொண்ணு இருக்காமே. அவளுக்கு எந்த ஃப்ளேவர் பிடிக்கும்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

"என் பொண்ணு சிகரெட் பிடிக்கிறதில்ல" என்றேன்.

"அதனாலதான் கேக்கறேன்" என்றார்.

காலை இழக்கப் பார்த்த மனுஷனுக்குப் பூட்டிய அலமாரி. இதுவரை எதையும் தொடாத பிள்ளைக்குக் கண்ணடிக்கும் பழம். தாளை விளக்கடியில் வைத்தேன். நிறத்தில் ஒரு குறையும் இல்லை. ஓரத்தில் எழுதினேன்: "நிறம் சரி. போய்ச்சேரும் ஆள் சரியில்லை." கையெழுத்துப் போடவில்லை.

ஜூன் 18

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சாப்பாட்டு டப்பாவையும் என் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பேருந்து நிறுத்தத்தில் இவர் காத்திருந்தார். கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். நடந்தோம். நான் அச்சகத்தைத் திட்டிக்கொண்டே வந்தேன், இவர் மென்றுகொண்டே வந்தார். வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது, உள்ளாடைக் கடையை எப்போதோ நிற்காமலே தாண்டி வந்துவிட்டோம்.