நான் வெட்டிய ஆவாரை

என் ஸபீனா,

இன்று சுபஹு தொழுததும் முதல் வேலையாக உன் குடிசைப் பக்கம் போனேன். நீ மவுத்தாகி, எங்களை விட்டுப் போய் நாற்பது நாள். இத்தனை நாளும் அங்கே போக எனக்கு முகம் இருக்கவில்லை.

வேலியோரத்தில் நான் வெட்டிய இடத்திலேயே ஆவாரை முழங்கால் உயரம் துளிர்த்திருக்கிறது. ஒரு கிளை நுனியில் மஞ்சள் மொட்டும் இருக்கிறது.

மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் ஆயுதக்காரர்கள் துரத்தியபோது, வள்ளத்தில் வந்து எங்கள் எத்தாளை ஊர்க் காணியில் கிடுகுக் குடிசை போட்டாய். முந்தானையில் ஆவாரை விதை முடிந்திருந்தாய். "நகையெல்லாம் வாங்கிட்டாங்க ராத்தா, இத மட்டும் வேணாமுன்னுட்டாங்க" என்று, என்னைக் கூடப்பிறந்த அக்காவாக்கிச் சிரித்தாயே, எப்படி முடிந்தது உனக்கு?

விதையைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, வெயில் விழும் வெறும் மணலில் ஊன்றினாய். "பேத்து நட்டா ஆணிவேர் தாங்காது ராத்தா. முதல் வருசம் மட்டும் தண்ணி. பிறகு வெயில் போதும், ஆடும் வாய் வைக்காது." மூன்றாம் வருடம் வேலி முழுக்க மஞ்சள். பூவைக் காயவைத்து அவித்து எனக்கும் ஒரு கோப்பை நீட்டுவாய்.

அதை என் மூத்த சகோதரர், நானா, பார்த்துவிட்டார். "கத்தரி, மிளகா வைக்கட்டும். வருசக்கணக்கா நிக்கிறத நட்டா நாளைக்குக் காணி நட்டவங்களுக்குன்னு ஆகும். இது தெரியாமலா நீ படிச்சே?"

வாப்பா எனக்குத் தந்த பங்கு அது. முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ நிவாரண அரிசி வரிசையில் நின்ற நேரம் பார்த்து, கத்தியை எடுத்து நானே வெட்டினேன்.

அரிசிப் பையோடு வந்து பார்த்தாய். "சொல்லியிருந்தா நானே வெட்டியிருப்பனே, டீச்சர்."

அன்றிலிருந்து, ஊருக்குப் போலவே உனக்கும் நான் டீச்சர்தான்; ராத்தா இல்லை. நான்கு வருடம். ஒவ்வொரு முறை நீ வாய் திறக்கும்போதும் அந்தப் பழைய சொல்லுக்காகக் காத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

இன்று உன் மகள் ஹஸ்னாவிடம் கேட்டேன், இத்தனை வருடம் துளிர்க்காதது இப்போது எப்படி என்று.

"துளிர்க்காம என்ன டீச்சர்? உம்மாதான் கிள்ளிப் போடுவா. வேருக்கு மட்டும் பாத்திரம் கழுவுற தண்ணிய ஊத்துவா. நானா கண்டா ராத்தாவுக்குத்தான் ஏச்சு விழும் எண்டுவா."

ராத்தா என்றா சொன்னாய்? வீட்டுக்குள் அப்படித்தான் சொன்னாயா? பிறகு ஏன் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை? இல்லை, நான்தான் உன்னைச் சொல்ல விடவில்லையா?

வடக்கில் சண்டை ஓயவில்லை. ஊருக்குத் திரும்பும் பாதை இன்னும் மூடித்தான் கிடக்கிறது. உன்னை அடக்கிய மையத்துக்காட்டில் தலைமாட்டில் ஊன்றிய பச்சைக் குச்சியும் காய்ந்துவிட்டதாம்.

திங்கட்கிழமை புத்தளம் போகிறேன். நானாவுக்குச் சொல்லவில்லை. ஹஸ்னாவுக்கும் தெரியாது. குடிசை நிற்கும் அந்தக் காணித் துண்டை அவள் பெயருக்கு மாற்றி உறுதிப் பத்திரம் எழுதப் போகிறேன். வடக்கு எல்லை எதுவென்று கேட்பார்கள். ஸபீனா நட்ட ஆவாரை என்று எழுதச் சொல்வேன். இனி அதை யாரும் கிள்ள வேண்டியதில்லை.

நீ திருப்பித் தராத பெயரை, கூசிக்கொண்டே நானே எடுத்து எழுதுகிறேன்,

உன் ராத்தா