வெயிலில் வைத்த மஞ்சள் கண்ணாடி

2 மார்ச் 1994
இன்றும் 41 மைக்ரோ ஆம்பியர். ஏழு மாதமாக இதே எண். என் சூரிய மின்கலத்தில் இருப்பது செம்பருத்திச் சாயம். அது பச்சை வெளிச்சத்தைத்தான் தின்கிறது. ஊதா வெளிச்சமெல்லாம் வீண். முதுகு வலி.

5 மார்ச்
மஞ்சளை ஸ்பிரிட்டில் கரைத்து, வார்னிஷில் கலந்து ஒரு கண்ணாடியில் பூசினேன். மஞ்சள் ஊதாவை வாங்கிப் பச்சையாக விடும். மின்கலத்தின் மேல் வைத்தால் 44. எடுத்தால் 41. மூன்று முறை பார்த்துவிட்டேன்.

7 மார்ச்
சேலம் போய்க் கல்லூரி விரிவுரையாளர் வெங்கடாசலத்தைப் பார்த்தேன்.
“நீங்க எந்தக் காலேஜுங்க?”
“எஸ்டேட் ஜெனரேட்டர் ரூமுங்க. இருவத்தாறு வருசம்.”
பக்கத்திலிருந்தவன் சிரித்தான். ஆனால் இவர் ஞாயிறன்று ஏற்காட்டுக்கு வருகிறார். 44 வந்தால் அவர்கள் ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்களாம். இத்தனை வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்டவன் உண்டா?

8 மார்ச்
வார்னிஷ் இன்னும் பிசுபிசுக்கிறது. கண்ணாடியைக் காப்பிக் களத்தில் காயவைத்தேன். துணி உலர்த்த வந்த முத்தாயி நின்றாள்.
“ஏனுங்க, மஞ்சளப் போயி வெயில்ல—”
“நீ உன் வேலையப் பாரு.”
கட்டி முப்பத்தெட்டு வருஷமாகிறது, இவளுக்கு என் வேலையில் என்ன தெரியும்?

11 மார்ச்
மஞ்சள் வெளுத்தாற்போல் தெரிகிறது. என் கண்தான். புரை.

13 மார்ச்
வந்தார். வெறும் மின்கலம் 41. கண்ணாடியை வைத்தேன் — 39. துடைத்து வைத்தேன். 39.
“சாதாக் கண்ணாடி வெச்சாலே இப்படிக் கொறையுமுங்க ஐயா.”
மரியாதையாகத்தான் சொன்னார். காப்பி குடித்துவிட்டு மூன்றரை பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

14 மார்ச்
காலையில் முத்தாயி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள்.
“சேலையில மஞ்சக்கறை பட்டா அலசி வெயில்லதானுங்க போடுவோம். ரெண்டு நாள்ல போயிரும். அன்னைக்கே சொல்ல வந்தேன். உடுங்க, உங்களுக்குத்தான் நொம்பத் தெரியுமே.”
ஊரில் துணி துவைக்கிற ஒவ்வொருத்திக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஒரு துண்டுகூடத் துவைத்ததில்லை. அந்த வாத்தியார் மேல் கோபப்படலாமென்று பார்த்தேன். முடியவில்லை.

15 மார்ச்
ஒன்றும் செய்யவில்லை.

19 மார்ச்
துவைகல்லுக்குப் போய் நின்றேன். வெயிலில் போகாத கறை எதெது என்று முத்தாயியைக் கேட்டேன்.
“இப்பத்தான் கேக்கத் தோணுச்சுங்களாக்கும்?” துணியை முறுக்கிக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னதில் ஏழு கறை எழுதியிருக்கிறேன். எது வெளிச்சத்தை மாற்றும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.
நாலாவது வாழைத்தண்டா, வாழைப்பூவா என்று என் எழுத்தே எனக்குத் தெரியவில்லை. அவள் அடுப்படியில்தான் இருக்கிறாள். கேட்டுவிட்டு எழுத வேண்டும்.