தக்கோலத்தில் அந்த அம்பு தவறியிருந்தால்

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். தாம்பரத்தில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இன்று வகுப்பில் ஒரு வேடிக்கை. தக்கோலப் போரில் பராந்தக சோழரின் மகன் ராஜாதித்தர் யானைமேலேயே அம்புபட்டு இறந்தாரே, அவர் பிழைத்திருந்தால் சோழப் பேரரசு என்னவாகியிருக்கும் என்று மேடம் கேட்டார்.

"ராஜராஜன் பட்டத்துக்கே வந்திருக்க மாட்டாரு, பெரிய கோயிலும் இருந்திருக்காது மேம்" என்றான் தீனா.

"ராஜாதித்தரோட அப்பாவுக்கு அந்தப் பிள்ளை இருந்திருப்பான் மேம்" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. தோழி பிளஸ்ஸி கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தாள். பயப்படாதீர்கள்.

தம்பி எபியின் நீலச் சட்டையைக் கொரியரில் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். அவனை அடக்கம் செய்த நாளிலிருந்து நீங்கள் யாரோடும் பேசுவதில்லை என்று அம்மா சொன்னார்கள். மகனைப் பறிகொடுத்த பிறகு பராந்தகர் வேளைக்குச் சாப்பிட்டாரா என்று நாங்கள் படித்த கல்வெட்டு எதிலும் இல்லை. நீங்கள் சாப்பிட்டீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அப்பா.

ஹாஸ்டல் மணி அடித்துவிட்டது.

ஹெப்சி